காய்ச்சி வடித்த கடல்

என்னிடம் ஆராய்ச்சி செய்த மாணவி ஒருத்தி சரியாகச் செய்திருந்த மின்முனையை, மதிப்பீட்டுக் குழுவின் முன்னால் குப்பை என்று சொல்லி அவள் படிப்பைக் கெடுத்தேன். அது குப்பை இல்லை என்று எனக்கு அப்போதே தெரியும்.

கடல்நீரையே மின்கலத்தின் ஒரு பாதியாக வைத்து மின்சாரத்தைச் சேமிப்பது எங்கள் ஆய்வு. அதற்கு மின்முனையாகத் துளைகள் நிறைந்த கரித்தகடு வேண்டும். கொட்டாங்குச்சிக் கரியில் நுண்துளைகளை எவ்வளவு நெருக்கமாக உண்டாக்குகிறோமோ அவ்வளவு நல்லது என்பது என் கட்சி. அவள் தன் தகட்டில் பெரிய துளைகளை விட்டாள்.

"கடல் தண்ணியில மெக்னீசியம் இருக்கு சார். பேட்டரி ஓட ஓட வெள்ளையாப் படிஞ்சு சின்ன ஓட்டையெல்லாம் அடைச்சிடுது."

அடையாற்றில் எங்கள் ஆய்வகத்திலிருந்து கடல் பஸ்ஸில் பத்து நிமிடம்தான். நாங்களோ காய்ச்சி வடித்த நீரில் உப்பைக் கரைத்து, அதைக் கடல்நீர் என்று கூசாமல் கட்டுரையில் எழுதினோம். அவள் ஒருத்திதான் பட்டினப்பாக்கத்தில் கடல்நீரையே கேனில் பிடித்து பஸ்ஸில் தூக்கி வந்தாள்.

"தண்ணி எடுக்கப் போனியாம்மா, மீன் வாங்கப் போனியா? லேபே நாறுது" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.

அந்தத் தண்ணீரில் என் தகடு வெள்ளை பூத்து அடைத்துக்கொண்டது. அவளுடையது ஓடிக்கொண்டிருந்தது. அதற்குள் என் கட்டுரை அச்சுக்குப் போய்விட்டது. ஆகவே குழுவிடம், நாங்கள் கரைத்த உப்புநீரில் அவள் தகடு என்னுடையதில் பாதி மின்சாரம்கூடத் தரவில்லை என்பதை மட்டும் சொல்லி, குப்பை என்றேன். அவள் ஆராய்ச்சிப் பதிவை நீட்டிக்க மறுத்தார்கள். போய்விட்டாள்.

சென்ற ஆண்டு, ஓய்வுபெற்ற என்னைப் பழைய துறையில் பேச அழைத்தார்கள். அவள் இப்போது சாந்தோமில் பள்ளி ஆசிரியை. விசாரித்து, அந்தக் கூட்டத்துக்கு வரும்படி போனில் கூப்பிட்டேன்.

"நான் வந்தா என்ன ஆயிடும் சார்?"

"அவங்க எல்லார் முன்னாடியும் உண்மையச் சொல்லப் போறேன்."

"சரி, சொல்லுங்க. கேக்கறேன்."

அவள் பெயரைச் சொல்லி, ஒன்று விடாமல் சொன்னேன். கட்டுரையைத் திரும்பப் பெற எழுதிவிட்டதையும் சொன்னேன். முடித்ததும் கைதட்டினார்கள்! "இந்த மனசு யாருக்கு வரும்? சார் சார்தான்!" என்று துறைத்தலைவர் எனக்குப் பொன்னாடை போர்த்தினார். கெடுத்ததைச் சொல்ல வந்தவனுக்குச் சால்வை.

"கடைசி வரிசையில உக்காந்திருக்காங்க பாருங்க, அவங்களுக்கு என்ன செய்யப் போறீங்க?" என்று கத்தினேன்.

"பாக்கலாம் சார். காபி ஆறுது, வாங்க."

ஒருவரும் அவளிடம் போகவில்லை. நான் வராந்தாவுக்கு ஓடிப்போய்ச் சால்வையை அவளிடம் நீட்டினேன்.

"எனக்கு எதுக்கு சார்? நான் தப்பு எதுவும் பண்ணலையே" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

கட்டுரையை நீக்கிவிட்டார்கள். அவள் பதிவைப் புதுப்பிக்கக் கேட்டு நான் பல்கலைக்கழகத்துக்கு எழுதியதற்கு, விதியில் இடமில்லை என்று பதில் வந்தது. விதியாம்! அவளை வெளியே அனுப்ப அன்றைக்கு என் வாய்ச்சொல் ஒன்றே போதுமானதாக இருந்தது.