துடைத்து வைத்த குழாய்

மினசோட்டாவின் வடகோடியில், சுரங்கம் மூடிப்போன ஓர் ஊரில், லியாண்டர் கிவிஸ்டோ இருபத்தாறு வருடமாக வீடுகளைச் சூடாக்கும் கேஸ் உலைகளைப் பழுது பார்த்துவந்தான். உலையடியில் தண்ணீர் என்றால் அவன் உடனே உஷாராகிவிடுவான். புகையிலுள்ள ஈரம் புகைக்குழாயிலேயே குளிர்ந்து சொட்டினால், புகை சரியாக மேலே போகவில்லை என்று அர்த்தம். முதலில் குழாயில் துரு வழிந்த பழுப்புக் கோடு இருக்கிறதா என்றுதான் பார்ப்பான்.

அந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. செத்தாலும் அடுத்தவருக்குத் தொந்தரவு கொடுக்க மாட்டார்கள். கொடுத்தே தீரவேண்டுமென்றால், வீட்டைக் கழுவித் துடைத்த பிறகுதான் ஆளைக் கூப்பிடுவார்கள்.

ஜனவரியில் ஐடெல்லா ரௌடியோ என்ற கிழவி, உலையடியில் தண்ணீர் சொட்டுகிறதென்று கூப்பிட்டாள். போனால், உலை இருந்த நிலவறை பளபளவென்றிருந்தது. குழாயில் பொட்டு ஈரமில்லை.

"எங்கேம்மா சொட்டுச்சு?"

"அங்கதான் எங்கயோ. பெருசா ஒண்ணுமில்லப்பா. இந்தக் குளிர்ல உன்னை வேற அலைய விட்டுட்டேன். முதல்ல காபியைக் குடி."

அவள் கணவர் ஆரின் முட்டிவலிக்காரர், சூட்டுக்காக நிலவறையிலேயே படுப்பவர். "காலையிலேருந்து தேய்ச்சுக்கிட்டே கிடக்கா. நீ என்ன கவர்னரா?" என்று சிரித்தார்.

லியாண்டரும் சிரித்தான். விஷவாயு மீட்டர் அன்று ஒன்றும் காட்டவில்லை. பக்கத்தில் ஒரு தண்ணீர் ட்யூப் தளர்ந்திருந்தது. அதுதான் காரணம் என்று முறுக்கிவிட்டுப் போனான்.

நாலாம் நாள் ஆரின் எழுந்திருக்கவில்லை. புகையின் ஈரம் புகைபோக்கி உச்சியில் உறைந்து வாயை அடைத்துவிட்டது. விஷவாயு நிலவறைக்கே திரும்பியிருந்தது.

அடக்கம் முடிந்து தேவாலயக் கூடத்தில் எல்லோரும் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தபோது, ஐடெல்லா அவனை ஓரமாக அழைத்தாள்.

"குழாய்ல பழுப்பா வழிஞ்சுது. தினம் துடைச்சேன். நீ வர்றேன்னதும் வினிகர் போட்டுத் தேய்ச்சேன். அப்படியே விட்டிருந்தா உனக்குத் தெரிஞ்சிருக்குமா?"

பார்த்த மாத்திரத்தில் தெரிந்திருக்கும். கூரையேறிப் பார்த்திருப்பான். ஆரின் இன்று உயிரோடு இருந்திருப்பார்.

"தெரிஞ்சிருக்காதும்மா" என்றான்.

அவள் பெருமூச்சு விட்டாள். அடுத்த நிமிடமே முகம் இறுகியது.

"அப்போ உன்னை எதுக்குக் கூப்பிட்டேன்?" என்று கத்தினாள். கூடமே திரும்பிப் பார்த்தது. "என்னதாண்டா தெரியும் உன் தொழில்ல உனக்கு?"

"தப்பு என்னோடதுதாம்மா" என்றான் லியாண்டர், எல்லோர் காதிலும் விழும்படி.

அதன்பிறகு அந்த ஊரில் யாரும் அவனைக் கூப்பிடவில்லை.