கரும்பலகை படிக்கும் அம்மன்

நேற்று எங்கள் விழுப்புரம் பள்ளியில், ஆசிரியர் அறையில், பக்கத்து டீச்சருக்கு மல்லாட்டை உருண்டை, அதாவது கடலை உருண்டை, நீட்டினேன். “இன்னிக்கு எனக்கு விரதங்க” என்றார். பாவம், உண்மையாகவே விரதம்தான். எனக்குத்தான் கெட்ட புத்தி. இன்று யார் சமையல் என்று உடனே சுவரைப் பார்த்தேன்.

அது திண்டிவனத்தில் பிடித்த புத்தி. நான் படித்த கல்லூரி வளாகத்தின் பின்கோடியில் ஓர் ஓட்டுவீடு. வாசலில் ‘கூட்டுறவு மாணவியர் இல்லம்’ என்று பலகை. அரிசி, பருப்பு அவரவர் வீட்டிலிருந்து வரும். வேலை எல்லோருக்கும் சமம். ஏழு பேர், ஏழு கிழமை, ஆளுக்கொரு நாள் சமையல். மாதம் ஒருத்தி காரியதரிசி. கரும்பலகையில் முறைப்பட்டியல் எழுதுவது அவள். மேற்பார்வைக்கு ஒரு விரிவுரையாளர் அம்மா. சமத்துவத்தைப் பற்றி அருமையாகப் பேசுவார். எங்கள் இல்லத்தில் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை.

வல்லம் பக்கத்தில் அடுத்தவர் நிலத்தில் கேப்பை அறுக்கும் குடும்பம் எங்களுடையது. அதில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எங்கள் தெரு ஊருக்கு வெளியே இருந்தது என்பது முதல் வாரத்திலேயே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. எனக்குச் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. ஏழு பேருக்கும் வடித்துவிட்டுக் கூப்பிட்டால், ஆறு பேருக்கும் அம்மன் விரதம். ஸ்டெல்லாவுக்குக்கூட.

“உனக்கு எந்த அம்மன்டி?” என்றேன்.

“இவளுங்களுக்குத் துணைக்கு” என்றாள்.

நானும் ஒரு மக்கு. அவர்கள் பக்தியில் நெகிழ்ந்துபோய், அடுத்த மாதம் வியாழக்கிழமை கேட்டு வாங்கினேன். அம்மனும் வியாழனுக்கு வந்தாள். சனிக்குப் போனேன், பின்னாலேயே வந்தாள். அம்மனுக்குக் கரும்பலகை படிக்கத் தெரியும் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. விறகு பிளக்கவும் அண்டா தேய்க்கவும் மட்டும் எனக்குத்தான் தெம்பு அதிகம் என்று எல்லோரும் பாராட்டினார்கள்.

தை மாதம் நான் காரியதரிசி. பலகையைத் துடைத்து ஏழு கிழமைக்கும் என் பெயரையே எழுதினேன். ஆட்சேபணை இருந்தால் கூட்டத்தில், விரிவுரையாளர் அம்மா முன்னிலையில், காரணம் சொல்ல வேண்டும் என்பது விதி. காரணம் எல்லோருக்கும் தெரியும். எழுந்து சொல்லத்தான் ஒருத்தியும் இல்லை. யாரும் சாப்பிடாவிட்டால் படிப்பை விட்டுவிட்டு ஊருக்குப் போவது என்று பெட்டியைக் கட்டி வைத்திருந்தேன். அதை அவர்களிடம் சொல்லவில்லை.

முதல் நாள் அவர்களுக்கு வாழைப்பழத்தில் போயிற்று. இரண்டாம் நாள் பொரி. மூன்றாம் நாள் மத்தியானம், வளவனூர் கரும்புத் தோட்டக்காரர் மகள் கமலம், தட்டோடு வந்து உட்கார்ந்தாள்.

“எத்தினி நாளைக்குடி பொரி தின்னுகினு கெடக்கிறது? போடு.”

“யாரு சமைச்சதுன்னு தெரியுமில்ல?”

இரண்டு கவளம் உள்ளே போன பிறகுதான் பதில் வந்தது. “தெரியும். கொழம்புல உப்பு கம்மி, அதுவும் தெரியும்.”

உப்பு சரியாகத்தான் இருந்தது. சாயங்காலம்வரை அவளோடு சண்டை போட்டேன். என் சமையலைக் குறை சொல்ல அந்த வீட்டில் ஓர் ஆள் கிடைத்துவிட்டாள், பெட்டியைப் பிரித்தேன். மறுநாள் ஸ்டெல்லா வந்தாள், கமலத்துக்குத் துணையாக.

மற்ற நான்கு பேர் வீட்டுக்கு எழுதினார்கள். பெற்றோர் பஸ் பிடித்து வந்து, சமையல் வேலையால் பெண்களின் படிப்புக் கெடுகிறது என்று மனுக் கொடுத்தார்கள். மாதம் முடிவதற்குள் சமையற்காரர் வந்தார். எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று மூன்று தலைமுறை விசாரித்து வைத்த ஆள். அவர் சமைத்த முதல் நாள் விரிவுரையாளர் அம்மா எங்களோடு பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

இப்போது அந்த ஓட்டுவீடு இல்லை. இடித்துவிட்டு மாடி விடுதி கட்டியிருக்கிறார்கள். போன மாதம் ஒரு வேலையாகப் போனவள், தட்டோடு போன பெண்ணிடம் இங்கே யார் சமைப்பது என்று கேட்டேன்.

“தெரியலீங்களே. நாங்க பாத்ததேயில்ல” என்று சொல்லிவிட்டு ஓடினாள். நல்ல பசி போலிருக்கிறது.

தெரியாமல் சாப்பிடுவது சுலபம். தெரிந்துகொண்டே தட்டை நீட்டியவளை அந்த வளாகத்தில் இனி எங்கே தேடுவது?