சோப்புப் போட்டும் தீராத அரிப்பு

கல்யாணமாகி, கேரள எல்லையோரக் கோபாலபுரத்துக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் தோட்டத்துக்கு நான் வந்தது எழுபதுகளின் தொடக்கத்தில். எனக்கு இருபத்திரண்டு வயது. பொள்ளாச்சிச் சந்தைக்குப் போன கணவர் ரோஜா மணக்கும் சோப்பு ஒன்று வாங்கிவந்தார். அதுவரை பயத்தமாவு தேய்த்துக் குளித்தவளுக்கு அது பெரிய சொகுசு. உடம்பில் ஓரிடம் விடாமல் போட்டேன்.

கொஞ்ச நாளில் பெண்ணுறுப்பின் வெளித்தோலில் அரிப்பு ஆரம்பித்தது. அழுக்குத்தான் காரணம் என்று நினைத்து, குளிக்காத வேளையிலும் போய்ச் சோப்புப் போட்டுக் கழுவினேன். அரிப்பு கூடியது. காயத்துக்கு ஊற்றும் மருந்தைத் தண்ணீரில் கலந்து ஊற்றிப் பார்த்தேன். எரிந்த எரிச்சலில் அங்கேயே குதித்தேன்.

மறுநாள் எல்லாரும் உட்கார்ந்து கடலைக்காய் உரித்தார்கள். நான் மட்டும் நின்றுகொண்டு உரித்தேன். கணவரின் அண்ணன் மனைவி, நான் நங்கையா என்று கூப்பிடுகிறவர், அதைக் கவனித்துவிட்டார். மாட்டுக்கொட்டகைப் பக்கம் கூட்டிப்போய் விசாரித்தார். தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன்.

"எனக்கும் ரெண்டு மாசமா அப்புடித்தான் அம்மிணி. ஆருகிட்டச் சொல்றதுன்னு தெரியாமக் கெடந்தேன்" என்றார்.

அவருக்கு அரிப்போடு, திரிந்த தயிர் மாதிரி வெள்ளையும் பட்டுக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் முகத்தைப் பார்த்துக்கொண்டோம். அப்புறம் வந்த சிரிப்பை அடக்க முடியவில்லை. கட்டியிருந்த எருமை திரும்பிப் பார்த்தது.

மாமியாரிடம் ஏதோ சாக்குச் சொல்லிவிட்டு, எல்லை தாண்டிப் பாலக்காட்டுப் பக்கம் இருக்கும் சித்தூருக்குப் பஸ் ஏறினோம். அங்கே ஒரு லேடி டாக்டர் இருந்தார். மலையாளி, எங்களுக்காகத் தமிழ் கலந்து பேசினார். இருவரையும் தனித்தனியே பரிசோதித்தார்.

எனக்கு மருந்தே தரவில்லை. "சோப்பு வேண்டா, மருந்துத் தண்ணியும் வேண்டா. வெறும் வெள்ளம் மதி" என்றார். வெறும் தண்ணீரே போதுமாம். கழுவியதும் ஒற்றித் துடைத்துவிட்டு, இறுக்கமில்லாத பருத்தித் துணி உடுத்தச் சொன்னார். வயலில் நனைந்த பாவாடையோடு நாளெல்லாம் நிற்பதும் கூடாதாம்.

நங்கையாவுக்கு வந்திருந்தது பூஞ்சை. சர்க்கரை இருந்தாலும் அது திரும்பத் திரும்ப வரும் என்று சிறுநீரைச் சோதிக்கச் சொன்னார். சர்க்கரை இல்லை. தடவ ஓர் ஊதா மருந்து தந்தார். கிளம்பும்போது எங்களைத் திரும்ப உட்காரவைத்தார். ஒரு வாரத்தில் குறையாவிட்டால் வரவேண்டும். புண்ணோ கொப்புளமோ கட்டியோ தெரிந்தாலும், வெள்ளை நாறினாலும், சிறுநீர் போகும்போது எரிந்தாலும், அடிவயிற்று வலியோடு காய்ச்சல் வந்தாலும் வாரக்கணக்குப் பார்க்காமல் உடனே வரவேண்டும் என்றார். "இதில் நாணிக்க ஒண்ணும் இல்லை" என்று முதுகில் தட்டினார்.

வெளியே வந்து ஆளுக்கொரு மசால் தோசை சாப்பிட்டோம். அவ்வளவு ருசியான தோசையை நான் அதுவரை தின்றதில்லை.

எனக்கு நாலைந்து நாளில் அடங்கிவிட்டது. கணவரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, வீணாக்க மனமில்லாமல் அந்தச் சோப்பைத் தானே போட்டுக் குளித்தார். ஒரு வாரம் எங்கள் கடலைக்காடு முழுக்க ரோஜா மணத்தது.

நங்கையாவின் ஊதா மருந்துதான் எங்களைக் காட்டிக்கொடுத்தது. கொடியில் காய்ந்த பாவாடைகளில் ஊதாத் திட்டு. மாமியார் கேட்டார். நங்கையா ஒளிக்காமல் சொல்லிவிட்டார். வசவு விழப்போகிறது என்று நான் காத்திருந்தேன். மாமியார் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"அந்த டாக்டரம்மா கெழவிகளையும் பாப்பாங்களா, அம்மிணி?"

அவரும் வருஷக்கணக்காக அரிப்பைத் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு சகித்திருக்கிறார். அந்த வாரமே மூன்று பேரும் போனோம். மாதவிலக்கு நின்றபின் அந்த இடத்துத் தோல் மெலிந்து வறண்டுபோயிருக்கிறது என்று டாக்டர் களிம்பு தந்தார். இந்த வயதில் மறுபடி ரத்தம் பட்டாலோ, தோல் வெளுத்தாலோ, ஆறாத புண் இருந்தாலோ ஒருநாளும் தள்ளிப்போடக்கூடாது என்றார்.

ஒரு மாதத்தில் மாமியார் முகமே மாறிவிட்டது. களையெடுக்க வந்த பெண்களிடம் அவரே போய், ஈரச்சேலையோடு நிற்காதீர்கள் என்று சத்தம்போட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அரிச்சா மறைக்காதீங்க புள்ளைகளா. நானே கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

அடுத்த தடவை பஸ்ஸில் நாங்கள் ஐந்து பேர்.