விஜிதரன் சேர் கையெழுத்து வைத்த கடிதம்

விஜிதரன் சேர் எதையும் வாசித்துவிட்டுக் கையெழுத்து வைத்து நான் பார்த்ததில்லை. மஸ்கெலியாவில் ஆகஸ்ட் லீவுக்கு நடக்கும் இங்கிலீஷ் வகுப்பு மண்டபத்தை ஆறு வருடமாகக் கூட்டித் துடைக்கிறேன். எதை நீட்டினாலும் அவர் கண் போனில்தான் இருக்கும். கை மட்டும் ஓடும்.

என் தங்கை கிருஷாந்தி அங்கே படித்தாள். சேர் வராத நாட்களில் சின்னப் பிள்ளைகளுக்கு அவள்தான் பாடம் நடத்தினாள். ஆசிரியர் கல்லூரி நேர்முகத்துக்கு இங்கிலீஷ் படிப்பித்தவரின் சிபாரிசுக் கடிதம் கேட்டிருந்தார்கள். எங்கள் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷுக்கு ஆளே இல்லை. சேரிடம் இரண்டு தரம் கேட்டாள். நாளைக்கு என்றார். மூன்றாம் தரம் பிள்ளைகள் எல்லோரும் இருந்தார்கள்.

"கொழுந்து பறிக்கப் போறதுக்கும் இப்ப கடிதம் கேக்குறாங்களா?"

பிள்ளைகள் சிரித்தார்கள்.

"எனக்கு நேரமில்ல. நீயே எழுதிக் கொண்டா, சைன் வச்சித் தாறேன்."

எங்கள் அம்மா கொழுந்து பறித்துத்தான் எங்களை வளர்த்தார். துடைப்பத்தோடு வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள்.

வீட்டில் கிருஷாந்தி அழுதாள். "அக்கா, நானே என்னைய நல்ல புள்ளன்னு எழுதிக்கவா?"

"நடந்தத எழுது. அவருக்கு நான் பேர் போட்டு வச்சிருக்கேன்."

தேயிலைத் தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர் என்று மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கு கணக்குப் போடுவார். கொழுந்து நிறை குறைந்தால் அரைப் பேர்தான். அம்மாவுக்கு அப்படி எத்தனையோ நாள் விழுந்திருக்கிறது. சேருக்கும் நான் அதே மாதிரி காலண்டரில் போட்டு வந்தேன். இருபத்தொரு நாளில் முழுப் பேர் ஏழு, அரைப் பேர் நாலு.

"அக்கா, ஒன்னைய கண்டாக்கு வேலைக்குப் போடணும்!" என்று அழுகையோடு சிரித்தாள்.

சேர் சொல்வது போலவே இங்கிலீஷில் எழுதினாள்: 'பத்து நாள் நான் வகுப்புக்கு வரவில்லை. நாலு நாள் பாதியில் போய்விட்டேன். அப்போதெல்லாம் முப்பது பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவர் கிருஷாந்தி.' ஒரு சொல்லும் பொய்யில்லை. மறுநாள் அதைச் சேரிடம் நீட்டினாள்.

"நல்லாத்தானே எழுதியிருக்க?" என்று போனைப் பார்த்தபடியே கேட்டார் சேர்.

"உள்ளதத்தான் எழுதியிருக்கேன், சேர்."

கையெழுத்து வைத்து, முத்திரையும் குத்தினார்.

நேர்முகத்தில் அதை இரண்டு பேர் மாறி மாறி வாசித்தார்களாம். வகுப்பை நடத்தும் சங்கத்துக்குப் போன் போனது. சங்கத்தார் வந்து பிள்ளைகளை விசாரித்தார்கள். என்னையும் கேட்டார்கள். காலண்டரைக் காட்டினேன்.

சேர் வாசலில் என்னை மறித்தார். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே, புள்ள?"

"நீங்க வாசிச்சிருக்கலாமே, சேர்," என்றேன். அவரிடம் நான் எதிர்த்துப் பேசியது அது ஒன்றுதான்.

இப்போது கிருஷாந்தி கல்லூரியில் இரண்டாம் வருடம். வகுப்பை வேறொருவர் நடத்துகிறார். விஜிதரன் சேருக்கு அங்கே வேலை இல்லை. எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை.