கிட்டார் அலறும் இடம்

இன்று தொப்பூர் டீக்கடையில் ஒரு பழைய ராக் பாட்டு ஓடியது. கிட்டார் அலறும் இடம் நெருங்கியதும் என் கை தானாக வால்யூமைக் குறைக்கப் போனது. திருக அங்கே ஒன்றுமில்லை.

எண்பதுகளில் தருமபுரியில் கேசட் பதிவுக்கடை வைத்திருந்தேன். ஒரு பெண் இதே பாட்டைக் கேட்டு வந்தார்.

"எங்க வூட்டுக்காரரு தொப்பூர் கணவாயில லாரியோட உருண்டவருங்க. இந்தப் பாட்டுன்னா உசுரு. டிரம்ஸ் எவ்ளோ அடிச்சாலும் தாங்குவாரு. கிட்டாரு கிறீச்சுன்னு இழுத்தா மட்டும் பிரேக்குச் சத்தம்னு ஒடம்பே நடுங்குதுங்க."

திரும்பத் திரும்பக் கேட்டு, அலறும் இடங்களில் மட்டும் சத்தத்தைக் குறைத்துப் பதிந்து கொடுத்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட.

மறுவாரம் அந்தப் பெண்ணின் கணவரே வந்தார். கேசட்டைச் சத்தமில்லாமல் மேசைமேல் வைத்தார்.

"கத்துனாலும் அது கிட்டாருதான்னு மனசத் தேத்திக்குவேங்க. நீங்க கொறச்ச எடத்துலதான் பிரேக்கு நல்லா கேக்குது."

இன்று என் முகத்தைப் பார்த்த டீக்கடைக்காரர், "சத்தத்தக் கொறைக்கட்டுங்களா?" என்றார்.

"வேண்டாங்க, கொறைக்காதீங்க!" என்று கத்தியேவிட்டேன். டீ குடித்துக்கொண்டிருந்த லாரிக்காரர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

சொல்லுங்கள், ராக் பாட்டின் சத்தத்தைக் குறைக்கப் பயப்படுகிற ஆள் நான் ஒருவன்தானா?