இரண்டாவது சுற்று

"எப்பலேருந்து இப்படி இருக்காரு?" என்று டாக்டர் கேட்டார். மாமனாரின் மறதி எப்போது தொடங்கியது என்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டி எங்கள் வீடு. ஓய்வு பெற்ற பிறகு அவர் விடியற்காலையில் கிளம்பி மலையைச் சுற்றி வருவார். போன வருடம் சில நாள் மதியம் தாண்டித்தான் திரும்பினார்.

"உங்க மாமனாரு ரெண்டு சுத்து வராரு! எங்க வீட்டுக்காரரு பால் வாங்கவே வண்டிய எடுக்குறாரு" என்றார் எதிர்ப் பூக்கடை அக்கா. எனக்கும் பெருமை. கைக்குழந்தையோடு வீடு அமைதியாக இருந்ததும் வசதியாகத்தான் இருந்தது. "பாதம் மரத்துப்போச்சும்மா, வலியே இல்ல" என்றார் மாமனார். பக்தி என்று நினைத்தோம்.

ஒருநாள் இட்லிக் கிண்ணத்தோடு குழந்தையை வாசலில் வைத்துக்கொண்டிருந்தேன். அவர் வந்தார், வீட்டைக் கடந்தார். "மாமா!" என்று கூப்பிட்டேன். கிண்ணத்தைப் பார்த்துக் கைகூப்பினார். அன்னதானம் என்று நினைத்துவிட்டார்.

"வேணாம்மா. வீட்ல மருமவ சமைச்சி வச்சிருக்கும்."

ரத்தப் பரிசோதனையில் பி12 மிகவும் கம்மி. பல வருடச் சர்க்கரை மாத்திரை, சைவச் சாப்பாடு இரண்டும் காரணமாக இருக்கலாம் என்றார்கள். ஊசி போட்டார்கள், பிறகு தினமும் மாத்திரை. சில வாரங்களில் "கல்லு குத்துதும்மா" என்று காலைத் தூக்கிக் காட்டினார். உணர்வு திரும்பிவிட்டது, அடுத்து ஞாபகம்தான் என்று சந்தோஷத்தில் அழுதேன்.

ஞாபகம் வரவில்லை. இப்போது குழந்தையை "யார் வீட்டுப் புள்ள?" என்று கேட்கிறார். வாசல் கதவைப் பூட்டியே வைத்திருக்கிறேன்.

போன வாரம் டாக்டர் சொன்னார்: "பி12 அளவு சரியாயிடுச்சும்மா. மறதிக்கு அது மட்டும் காரணமில்ல. மாத்திரைய நிறுத்தாதீங்க. ஆனா ஜாஸ்தி குடுத்தா ஞாபகம் ஜாஸ்தியாவாது." சீக்கிரம் வந்திருந்தால் என்று ஆரம்பித்தேன். "சொல்ல முடியாதும்மா" என்றார்.

ஓசூரில் வேலை பார்க்கும் கணவருக்கு இதை நான் இன்னும் சொல்லவில்லை. "மாத்திர குடுத்தியா? இன்னும் மூணு மாசம், அப்பா பழையபடி ஆயிடுவாரு பாரு" என்கிறார். "ம்" என்கிறேன். அடுத்த வாரம் வருகிறார். பெற்றவர் இனித் திரும்பப்போவதில்லை என்பதை ஒரு மகனிடம் சொன்னவர்கள் உங்களில் யாராவது இருந்தால், எப்படிச் சொன்னீர்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள்.