முதுகைக் கண்டால் நடக்கும் குதிரை

வில்ஃப் ஹெம்ப்ரோவின் வாழ்க்கையில் ஊர் மெச்சும்படி ஒன்றும் கிடையாது. இங்கிலாந்தில், வில்ட்ஷயரில் ஒரு பீர் ஆலைக்குக் குதிரை வண்டி ஓட்டினார், கடை கடையாகப் பீப்பாய் இறக்கினார், அவ்வளவுதான். அரண்மனைக்காரர்களைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. "அவங்க என்ன நம்ம பீரா குடிக்கிறாங்க?" என்பார். உயிரையெல்லாம் வைத்திருந்தது டாம்சன் மேல்தான். கறுப்பும் வெள்ளையுமாக, நின்றால் வாசலே அடைபடும் குதிரை.

டாம்சனுக்கு அவர் பழக்கியது ஒரே பாடம். அவர் முகத்தைக் கண்டால் நிற்க வேண்டும். பீப்பாய் இறங்குகிறது என்று பொருள். முதுகைக் கண்டால் நடக்க வேண்டும். சாட்டை, அதட்டல் எதுவும் கிடையாது.

ஆலை தன் லாயத்தை மூடியபோது ராணுவம் டாம்சனை எடுத்துக்கொண்டது. வெள்ளி முரசு இரண்டைச் சுமக்க அப்படிப்பட்ட முதுகுதான் தேவை. நெஸ்டர் என்று பெயரை மாற்றி, முரசுக் குதிரைக்கு வழக்கமான மேஜர் பதவியையும் கொடுத்தார்கள்.

"என் தொப்பியைத் தின்ன பய. இனி அவனுக்கு நான் சல்யூட் அடிக்கணுமாம்," என்றார் வில்ஃப்.

"அடிச்சிட்டுப் போயேன், உன் கை என்ன தேஞ்சா போகும்?" என்றாள் மனைவி பெரில்.

அந்த ஜூனில் ராஜாவின் பிறந்தநாள் அணிவகுப்புக்கு இரண்டு சீட்டு வந்தது. அனுப்பியவள் இப்போது டாம்சன் மேல் அமர்ந்து முரசடிக்கும் கெர்ரி ஆன்ஸ்டி; அவன் படித்த பாடம் அவளுக்கும் தெரியும். போனிலும் கெஞ்சிக் கேட்டுக்கொண்டாள். "மேல் வரிசையிலயே உட்காருங்க, மிஸ்டர் ஹெம்ப்ரோ. என் ரெண்டு கையும் முரசு மேல. கடிவாளத்தைக் காலாலதான் இழுக்கணும். உங்க மூஞ்சியைப் பார்த்து ராஜா முன்னாடி அவன் நின்னுட்டா என் மானமே போயிடும்."

வில்ஃப் சரி என்றுதான் சொன்னார். ஆனால் பெரிலின் முழங்கால் வலியைப் பார்த்து, படியேற வேண்டாம் என்று ஒரு காவலர் இருவரையும் முதல் வரிசையிலேயே உட்காரவைத்தார். வில்ஃப் மறுக்கவில்லை. டாம்சன் ஒருமுறை தன்னைப் பார்த்துவிட மாட்டானா என்ற ஆசை யாரை விட்டது?

பிறகு நடந்ததற்கு அவர் தயாராக இல்லை. சிவப்புக் கோட்டு அணிந்த நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் ஒரே ஆளாகத் திரும்பினார்கள். பூட்ஸுக்கடியில் சரளைக் கல் ஒரே ஒரு முறை நொறுங்கியது. அதன்பின் மைதானமே மூச்சை அடக்கிக்கொண்டது. தூரத்தில் குதிரை மேல் சிறியதாக ராஜா. இத்தனை நாள் கேலி பேசிய வில்ஃபுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. தானாகவே தொப்பியைக் கழற்றிவிட்டார்.

அப்போது முரசு ஒலித்தது, நெஞ்செலும்பிலேயே விழுந்தது. குதிரை வாத்தியக் குழுவின் முன்னால் டாம்சன் வந்துகொண்டிருந்தான். தங்க அங்கியில் கெர்ரி, இருபுறமும் வெள்ளி. இது தன் டாம்சன்தானா என்று வில்ஃப் திகைத்துப்போனார். கோயிலே நடந்து வருவது போலிருந்தது.

டாம்சன் தலையைத் திருப்பினான். அவரைப் பார்த்தான். நின்றான்.

பின்னால் வந்த குதிரைகள் தடுமாறின. கெர்ரியின் குச்சிகள் தாளம் தப்பவில்லை, ஆனால் முகம் வெளுத்துவிட்டது. குதிகால்களால் இடித்துப் பார்த்தாள். டாம்சன் பீப்பாய் இறங்கக் காத்திருந்தான்.

வில்ஃபுக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். செய்ய மனம்தான் வரவில்லை. இந்த ஒரு காட்சிக்காகத்தானே வந்தார். கண் நிறைய ஒருமுறை பார்த்தார். எழுந்து, முதுகைத் திருப்பி நின்றார்.

அத்தனை ஜனமும் ஒரு பக்கம் பார்க்க, அவர் ஒருவர் மட்டும் ஜனத்தைப் பார்த்து நின்றார். பின் வரிசையில் பெரிய தொப்பி வைத்த ஒரு அம்மாள் முகம் சுளித்தாள். "ஐயா, ராஜா அந்தப் பக்கம் இருக்காரு."

"தெரியும்மா," என்றார் வில்ஃப்.

முதுகுக்குப் பின்னால் கனத்த குளம்பு ஒன்று விழுந்தது. அப்புறம் இன்னொன்று.

"பெரில், நடக்கிறானா?"

"நடக்கிறான். ராஜாகிட்ட போயிட்டான். அந்தப் பொண்ணு ரெண்டு குச்சியையும் தலைக்கு மேல குறுக்கா வச்சு வணக்கம் சொல்றா. ராஜா பதிலுக்குக் கையைத் தூக்குறாரு, வில்ஃப்."

"அவன்?"

பெரில் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நேராத்தான் போறான். ஆனா ஒரு காது மட்டும் இன்னும் உன் பக்கம் திரும்பியிருக்கு."